மறையுரையில் வெளிநாட்டுக் கொள்கை: எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திடுவதா?

கேள்வி – கொட்டாஞ்சேனை வாசகர்

கொழும்பு வடக்கில் தமிழ்த் திருப்பலியும் சிங்களத் திருப்பலியும் நடைபெறுகின்ற ஒரு பங்கைச் சேர்ந்தவன் நான். எங்கள் பங்குத்தந்தை அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றிய மறையுரை பங்கை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பங்கின் பெயரையோ அவருடைய பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. நான் கேட்க விரும்புவது ஒரு தனி மனிதரைப் பற்றியதன்று.

அன்றைய நற்செய்தி வாசகம் நல்ல சமாரியன் உவமை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன குருவைப் பற்றியும் லேவியரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து நேராக இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கைக்கு வந்தார். காசாவில் போர் நிற்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 2023 ஒக்டோபரிலும் டிசெம்பரிலும் வாக்களித்த நமது அரசு, அந்த இரண்டு வாக்குகளுக்கும் இடையில், நவம்பர் மாதத்தில், இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு 10,000 தொழிலாளர்களை அனுப்புவதற்கு உடன்பட்டதை எடுத்துச் சொன்னார். ஆட்சி மாறிய பின்னரும் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டுக்கொண்டே இருப்பதையும் சொன்னார். பின்னர், "அந்த டொலர்களில் இரத்தம் ஒட்டியிருக்கிறது, கையெழுத்திட்டவர்கள் இறைவன் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும்" என்றார். ஆலயத்தில் ஓர் அசைவும் இல்லை.

மறையுரை முழுவதும் ஏறத்தாழ இருபது நிமிடம். யாரோ கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அந்த இரண்டு வசனங்களை மட்டும் வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அன்று ஆலயத்துக்கு வராதவர்கள்தாம் இப்பொழுது அதிகம் கொதிக்கிறார்கள். எங்கள் பங்கில் பிள்ளைகளை இஸ்ரேலுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. வேறு சிலர், பீடத்தருகே நின்றுகொண்டு அரசாங்கத்தின் வெளிவிவகாரத்தைப் பேசுவதே முறையன்று என்கிறார்கள். இளையவர்களோ, இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவராவது வாய் திறந்தாரே என்கிறார்கள்.

பங்குப் பேரவையில் சிலர் பேராயர் இல்லத்துக்கு அனுப்புவதற்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறார்கள். அருட்தந்தை இனிமேல் அரசியல் பேசாதிருக்கப் பணிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. என்னிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னவற்றுள் பெரும்பகுதி உண்மை என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் மறையுரையின்போது எவரும் எழுந்து மறுத்துப் பேச முடியாது என்பது எனக்கு நெருடுகிறது. மதகுருவுக்கு இந்த உரிமை உண்டா, உண்டென்றால் அது எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். நான் கையெழுத்திட வேண்டுமா என்பதையும் தயக்கமின்றிச் சொல்லுங்கள்.

பதில் – வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

அன்பின் நண்பருக்கு,

மதகுருமார் அரசியல் பேசலாமா என்று இந்தத் தீவில் இன்று புதிதாகக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. 1946 பெப்ரவரியில், சுதந்திரத்துக்கு முன்னரே, வித்தியாலங்காரப் பிரிவேனா என்னும் பௌத்த கல்விநிலையத்தின் பிக்குமார் அரசியலில் ஈடுபடுவது தங்கள் கடமைக்கு உட்பட்டது என்று பிரகடனம் வெளியிட்டுவிட்டார்கள். அதன் பின் வந்த ஒவ்வொரு அரசும் காவியுடையைக் கணக்கில் எடுத்தே ஆட்சி செய்திருக்கிறது. 2004இல் ஒன்பது பிக்குமார் ஒரே கட்சியின் உறுப்பினர்களாகப் பாராளுமன்றம் சென்றார்கள்.

தமிழர்களாகிய நாம் இதை எந்த நினைவோடு பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அதிகாரப் பகிர்வுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம், 1958 ஏப்ரல் 9 அன்று ரொஸ்மீட் பிளேசில் பிரதமரின் இல்லத்துக்கு முன்னால் பிக்குமார் அமர்ந்த பிறகே கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழர்களுக்கு எதிரான வன்செயல் வெடித்தது. 1959 செப்டெம்பரில் அதே பிரதமரைச் சுட்டவரும் ஒரு பிக்கு, அந்தச் சதியில் தண்டனை பெற்ற முதன்மையானவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு. ஆகவே, மதகுரு ஒருவர் அரசியல் பேசத் தொடங்கினால் நம்மில் மூத்தவர்களுக்கு முதலில் தோன்றுவது அச்சம். அந்த அச்சத்தை நான் குறைகூற மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1987. இலங்கை இந்திய ஒப்பந்தம் ஜூலை 29 அன்று கைச்சாத்தாவதற்கு முன்தினமே புறக்கோட்டை அரசமரத்தடியில் பிக்குமார் திரண்டார்கள், நகரில் கலவரம் மூண்டது, ஊரடங்கு வந்தது. அது முழுக்க முழுக்க வெளிநாட்டுக் கொள்கை பற்றிய விமர்சனம். நேர்மையாகப் பார்த்தால் அவர்களுடைய விமர்சனத்தில் நியாயமான ஒரு பகுதி இருந்தது. ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்ட பிறகு, கொழும்பு அரசு நெருக்குதலின் கீழ்த்தான் அந்த ஒப்பந்தத்துக்கு வந்தது. மக்களிடமோ பாராளுமன்றத்திடமோ முன்கூட்டி எதுவும் கேட்கப்படவில்லை. அந்த ஒப்பந்தத்தோடு வந்த இந்திய இராணுவத்தினால் சில மாதங்களுக்குள் வடக்கு மக்கள் பட்டதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிக்குமார் அதோடு நிற்கவில்லை. தமிழர்களுக்கு மாகாண சபை என்ற அளவுக்குக்கூட எதுவும் கிடைக்கக் கூடாது என்பதே அவர்களுள் பலருடைய கோரிக்கையின் உள்ளடக்கம். 2023 பெப்ரவரியிலும் பாராளுமன்றத்துக்கு அருகே, மாகாண சபைகளை ஏற்படுத்திய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பிரதியைப் பிக்குமார் எரித்தார்கள்.

மறுபக்கமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்செயலுக்குப் பின், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களக் கிறிஸ்தவர் என்ற நிலையில் நின்று தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் மக்களிடம் சொன்னார். அந்த ஆண்டு ஒக்டோபரில் அவர் மறைந்தார். மருதானையில் சமூக சமய நிலையத்தை நிறுவிய அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய, உலக வர்த்தகம், கடன், வல்லரசுகளின் கொள்கை ஆகியவற்றை இறையியலின் பகுதியாகவே எழுதிவந்தார். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், போர் முடிந்த பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை என்றார். அரசாங்க அலுவலகங்களின் சனத்தொகைப் பதிவுகளிலிருந்தே அந்தக் கணக்கை அவர் எடுத்திருந்தார். அதற்காக அவர் தேசத்துரோகி என்று ஏசப்பட்டார், புலனாய்வு அதிகாரிகளும் அவரைத் தேடிச் சென்று விசாரித்தார்கள். ஆனால் அந்த எண்ணை அரசு இன்றுவரை ஆதாரத்தோடு மறுத்துரைக்கவில்லை.

1987இல் பேசிய பிக்குமாரும் மன்னார் ஆயரும் அரசியல்தான் பேசினார்கள், இருவரும் அரசைத்தான் எதிர்த்தார்கள். ஒருவர் தம்மிடம் இருந்த சான்றை மேசையில் வைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பதில் கேட்டார். மற்றவர்கள் இன்னொரு மக்களுக்கு ஒன்றும் கொடுக்காதே என்றார்கள். உங்கள் பங்குத்தந்தையை நான் இந்த இடத்தில் வைத்தே பார்ப்பேன்: அவர் சொன்ன வாக்குகளும் உடன்பாடும் பதிவிலுள்ள செய்திகள், அவர் எவருடைய உரிமையையும் பறிக்கச் சொல்லவில்லை. கையெழுத்திட வேண்டாம்.

கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகையின் பாதையையும் உங்கள் பேரவை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுங்கள். 2012இல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் இலங்கை மீதான தீர்மானத்தை அவர் எதிர்த்துப் பேசினார். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்கு உள்நாட்டில் நீதி கிடைக்காத நிலையில், 2022 மார்ச்சில் அதே மனித உரிமைகள் பேரவையில் அவரே போய் முறையிட்டார். அந்தப் பயணத்தை வரவேற்ற கத்தோலிக்கர் எவரும், குருமார் வெளிவிவகாரம் பேசக்கூடாது என்று இன்று எழுதுவது பொருந்தாது.

பதில் – புதுக்கடை, சட்டத்தரணி

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. குருத்துவம் பெற்றவர் பிரஜை என்ற நிலையை இழப்பதில்லை. அந்தச் சுதந்திரத்தை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பதை 15ஆம் உறுப்புரை சொல்கிறது: இன, மத இணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியன. இந்தியாவின் அரசியலமைப்பில் 19(2) உறுப்புரை "வெளிநாடுகளுடனான நட்புறவு" என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது. நமது 15ஆம் உறுப்புரையில் அப்படி ஒரு காரணமே இல்லை. வெளிநாட்டுக் கொள்கையை விமர்சித்தால் நட்பு நாடு மனம் கோணும் என்பது ஒருவரின் வாயை அடைக்கும் காரணமாக இங்கே எழுதப்படவில்லை. இந்த வேறுபாடு நம் விவாதங்களில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவு, ஜனாதிபதிக்கோ அரசுக்கோ எதிராக வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் பழைய பிரிவு. அதிலும்கூட, அரசாங்கம் தன் நடவடிக்கைகளில் தவறிழைத்துவிட்டது என்று காட்டுவதும் குறைகளைத் திருத்தும் நோக்கில் சுட்டிக்காட்டுவதும் குற்றமாகாது என்ற விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. உங்கள் அருட்தந்தை சொன்னது அந்த விளக்கத்துக்குள் தெளிவாக அடங்கும்.

எல்லை எங்கே என்று கேட்டீர்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போரைப் பிரசாரம் செய்வதையும், பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவதையும் தடைசெய்கிறது. பத்தாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். மேல் நீதிமன்றம் மாத்திரமே பிணை வழங்க முடியும். ஆகவே, இஸ்ரேலிய அரசின் செயலையும் இலங்கை அரசின் உடன்பாட்டையும் கண்டிப்பது ஒன்று. யூதர்கள் என்ற மக்களையோ வேறெந்தச் சமயத்தவரையோ வெறுக்கச் சொல்வது வேறொன்று. அருட்தந்தை இரண்டாவதைச் செய்தாரா என்பதை முழுப் பதிவையும் கேட்டே சொல்ல முடியும். நீங்கள் தந்த வசனங்களில் அது இல்லை.

தேர்தல் காலமாக இருந்தால் இன்னொரு விடயம் சேரும். குறித்த வேட்பாளருக்கு வாக்களிக்காவிட்டால் இறைவனின் தண்டனை வரும் என்பதுபோல் ஆன்மிகத் தீங்கைக் காட்டி வாக்காளரை நெருக்குவது, நமது தேர்தல் சட்டங்களில் தகாத செல்வாக்கு என்ற ஊழலாகும். "இறைவன் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும்" என்ற வசனம் தேர்தல் மேடைக்கு நெருங்கிய நாட்களில் சொல்லப்பட்டிருந்தால் நானும் சற்று யோசித்திருப்பேன்.

இவையெல்லாம் ஏட்டிலுள்ள சட்டம். நடைமுறையை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இனவெறுப்பைத் தடுப்பதற்கென்று வந்த அதே 3ஆம் பிரிவின் கீழ், ஒரு சிறுகதைக்காக, பிக்குமாரின் முறைப்பாட்டின்பேரில், எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி ஏறத்தாழ நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். அடுத்த மாதம், நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்த, பொது பல சேனா அமைப்பின் பிக்கு கலகொட அத்தே ஞானசார தேரர் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்ற ஜனாதிபதி செயலணிக்கு அவரே தலைவராக்கப்பட்டார். பின்னைய ஆண்டுகளில் இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியதற்காக நீதிமன்றங்கள் அவருக்குத் தண்டனை விதித்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுகளுக்கும் தீர்ப்புகளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் போய்விட்டன.

பதில் – தெமட்டகொடை, ஆசிரியை

மேலே எழுதிய சட்டத்தரணி ஐயா நடைமுறை என்று சொன்னதை எங்கள் சமூகத்தின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து சில வாரங்களில், பள்ளிவாசல்களில் நிகழ்த்தப்படும் உரைகளின் ஒலிப்பதிவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று நம்பிக்கையாளர் சபைகளுக்கு அமைச்சிலிருந்து பணிப்பு வந்தது. அந்தக் கொடுமையைச் செய்தவர்களை எங்கள் உலமாக்கள் உடனடியாகவே கண்டித்திருந்தார்கள். அந்த உடல்களை எங்கள் மையவாடிகளில் அடக்க இடம் தரமாட்டோம் என்றும் அறிவித்திருந்தார்கள். ஆயினும் மிம்பர் என்ற உரைமேடையில் ஏறும் ஒவ்வொரு மௌலவியும் அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசுகிறார். காசாவில் குழந்தைகள் கொல்லப்படுவதைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நாங்கள் கேட்பது பெரும்பாலும் துஆவாக, பிரார்த்தனையாகத்தான். அரசின் கொள்கை பற்றி ஒரு வசனம்கூட எங்கள் பள்ளியில் வருவதில்லை. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டியை ஒட்டினார் என்பதற்காக ஓர் இளைஞர் கொழும்பில் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். அதன் பின்னர் எந்தப் பெற்றோர் தங்கள் மகனைப் பேச விடுவார்கள்?

வெளிநாட்டுக் கொள்கை எங்கோ தூரத்து விடயம் என்று சொல்பவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள். கொவிட் தொற்றில் இறந்த எங்கள் உறவினர்களின் ஜனாஸாக்கள் (உடல்கள்), உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையும் அவற்றுள் அடங்கும். உள்நாட்டில் நாங்கள் கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத அனுமதி, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து திரும்பிய மறுநாள், 2021 பெப்ரவரி 25இல், வர்த்தமானியாக வந்தது. அடுத்த மாதம் ஜெனீவாவில் இலங்கை மீதான வாக்கெடுப்பு இருந்தது. எங்கள் மையித்துகளை அடக்கும் உரிமைகூட வெளிவிவகாரக் கணக்கில் பேரம் பேசப்படும் பொருளாகியிருந்தது. அந்தக் காலத்தில் பொரளை மயானத்தின் வேலியில் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களுள் கிறிஸ்தவக் குருமாரும் இருந்தார்கள். நான் அதை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

உங்கள் அருட்தந்தை பேசியதை எங்கள் மௌலவி ஒருவர் அதே சொற்களில் பேசியிருந்தால் இன்று எந்த மாடியில் விசாரணைக்கு உட்கார்ந்திருப்பார் என்பதைக் கடிதம் எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பாதுகாப்பாகப் பேச முடிகிறது, ஆகவே பேசுகிறார். அந்தப் பாதுகாப்பை அவருடைய சொந்த மக்களே எடுத்துவிடாதீர்கள்.

பதில் – வத்தளை வாசகி

என் அண்ணா இஸ்ரேலில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அந்த வட்ஸ்அப் துண்டு எனக்கும் வந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை.

2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தபோது அண்ணா வேலை செய்த இடம் மூடப்பட்டது. நகைகளை அடகு வைத்துத்தான் அவரை அனுப்பினோம். அவர் யாரையும் கொல்லப் போகவில்லை. 2023 ஒக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டவர்களுள் அவரைப்போல் பராமரிப்பு வேலைக்குப் போன இலங்கையரும் இருந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தை இந்த நாட்டில் யார் நினைக்கிறார்கள்? அருட்தந்தை அரசாங்கத்தைக் கேட்க வேண்டியது நியாயமே. உள்நாட்டில் வேலை இல்லாமல் ஆக்கி, போர் நடக்கும் இடத்துக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தில் அந்நியச் செலாவணிக் கணக்குக் காட்டுகிறவர்களைக் கேட்கட்டும். ஆனால் "டொலர்களில் இரத்தம்" என்னும்போது அது அமைச்சரின் மேசைக்குப் போகவில்லை, எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. மறுமொழி சொல்ல எங்களுக்கு ஓர் இடமும் இல்லை.

கடிதத்தில் கையெழுத்திடச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். அவர் எங்கள் போன்ற வீடுகளுக்கு வந்து ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த வசனத்தை வேறு விதமாகச் சொல்லியிருப்பார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – கொட்டாஞ்சேனை வாசகர்

அனைவருக்கும் நன்றி. வத்தளைச் சகோதரிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டப்பட்ட துண்டில் இல்லாத பகுதியில், ஒக்டோபர் 7இல் கொல்லப்பட்ட இலங்கையருக்காகவும் அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்காகவும் அருட்தந்தை மன்றாடினார். பிழைக்கப் போனவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை என்றும் சொன்னார். நான் ஆலயத்தில் இருந்து கேட்டேன். ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு அந்த வசனம் கேட்ட விதம் உண்மையானதே. முழுப் பதிவு இருந்தாலும் அந்த வலி நீங்கிவிடாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கடிதத்தை எழுதியவர்களிடம் முழு உரையைக் கேட்டீர்களா என்று கேட்டேன். ஒருவர் மட்டுமே கேட்டிருந்தார். மற்றவர்கள், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே குருமார் அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கிறது, ஆகவே முழுவதையும் கேட்க வேண்டிய அவசியமில்லை என்றார்கள். அது சரியா?

பதில் – மருதானை வாசகர்

சரியன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285ஆம் சட்டம், அரச அதிகாரத்தைச் செலுத்தும் பதவிகளைக் குருமார் ஏற்பதைத் தடுக்கிறது. 287ஆம் சட்டம், அரசியல் கட்சிகளிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் அவர்கள் தீவிரமாகப் பங்கெடுப்பதைத் தடுக்கிறது, அதற்கும் விதிவிலக்கு உண்டு. அதே 287ஆம் சட்டத்தின் முதற்பகுதி, நீதியின் அடிப்படையில் மக்களிடையே அமைதியையும் ஒற்றுமையையும் வளர்ப்பது குருமாரின் கடமை என்கிறது. ஓர் அரச கொள்கை நீதிக்கு எதிரானது என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஈராக் போர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2003 மார்ச்சில், பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் தம் தூதுவராகக் கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கு அனுப்பி, போரைத் தொடங்க வேண்டாம் என்று ஜனாதிபதி புஷ்ஷிடம் நேரில் சொல்லச் செய்தார்.

எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 பெப்ரவரி 17 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். எல் சல்வடோர் அரசுக்கு இராணுவ உதவி அனுப்ப வேண்டாம், அது என் மக்களை ஒடுக்கவே பயன்படும் என்பது அதன் கோரிக்கை. அதை அவர் மறையுரையின்போது மக்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்பினார் என்பது உங்கள் விடயத்துக்கு முக்கியம். மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மார்ட்டின் லூதர் கிங் போதகர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயோர்க்கில் ரிவர்சைட் ஆலயத்தில் நின்று அவர் வியட்நாம் போரைக் கண்டித்தார். உலகில் வன்முறையை மிகுதியாக விதைப்பது தமது சொந்த அரசே என்ற பொருளில் பேசினார். நியூயோர்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் ஆசிரியத் தலையங்கங்களில் அவரைச் சாடின. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட மிகப் பெரிய அமைப்பே, சிவில் உரிமையையும் போர் எதிர்ப்பையும் கலக்கக் கூடாது என்று தீர்மானம் எடுத்தது. உங்கள் பேரவையின் கடிதத்தில் உள்ள வாதம் அன்றைக்கே அங்கே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கிங்கின் உரையை இன்று வாசிப்பவர் எவரும், அதில் வியட்நாமின் வரலாறு 1945இலிருந்து எத்தனை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் காணலாம். கோபத்தை மட்டும் வைத்து அவர் பேசவில்லை.

வெட்டப்பட்ட துண்டுக்கு 2008இல் சிகாகோவின் ஜெரமாயா ரைட் போதகருக்கு நடந்ததைப் பாருங்கள். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிந்திய ஞாயிறிலும், 2003இலும் அவர் ஆற்றிய நீண்ட உரைகளிலிருந்து சில விநாடிகள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. அப்போது ஜனாதிபதித் தேர்தலில் இறங்கியிருந்த ஒபாமா, ரைட்டின் ஆலயத்தில் தமக்கிருந்த உறுப்புரிமையிலிருந்தே மே மாத இறுதியில் விலகினார். ரைட் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். பழிவாங்கல் எங்கே கொண்டுபோய்விடும் என்று எச்சரிப்பதே 2001ஆம் ஆண்டு உரையின் மையம். அதற்காக அவர் சொன்ன அனைத்தையும் நான் ஏற்கவில்லை. எய்ட்ஸ் கிருமியை அரசாங்கமே கறுப்பின மக்களிடையே பரப்பியது என்று ஆதாரமின்றிச் சொன்னார். அப்படி ஒரு பொய் சேர்ந்ததால், வெளிநாட்டுக் கொள்கை பற்றி அவர் சொன்ன உண்மைகளையும் எதிரிகள் இலகுவாகத் தள்ளிவிட்டார்கள். மதகுரு ஒருவர் பேசும்போது அவருடைய ஒவ்வொரு தரவும் சரியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அவருடைய சொல்லை மக்கள் சோதிக்காமலே நம்புகிறார்கள்.

மற்றப் பக்கத்துக்கு, 2005 ஓகஸ்டில் தொலைக்காட்சிப் போதகர் பற் றொபேர்ட்சன், வெனிசுவேலாவின் ஜனாதிபதி சாவேஸை அமெரிக்கா கொன்றுவிடலாம் என்று பேசினார். அதுவும் வெளிநாட்டுக் கொள்கை பற்றிய மதகுருவின் கருத்துத்தான். அப்படியொன்றை உங்கள் அருட்தந்தை சொல்லியிருந்தால் கடிதத்தில் முதற் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

இப்போதுள்ள கடிதத்துக்குப் பதிலாக நீங்களே ஒன்றை எழுதுங்கள். அதைப் பேராயர் இல்லத்துக்கன்று, அருட்தந்தைக்கே கொடுங்கள். மறையுரையில் மறுமொழி சொல்ல முடியாது என்ற உங்கள் நெருடல் நியாயமானது. ஆகவே இப்படியான பொருளைப் பேசும் ஞாயிறுகளில் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் அவர் மக்களின் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும் என்று கேளுங்கள். இரு மொழியிலும் நடக்கட்டும், தொடக்கம் முதல் முடிவு வரை பதிவாகட்டும். இஸ்ரேலில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முதலில் பேசட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – கொட்டாஞ்சேனை வாசகர்

பேரவையின் கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை. மருதானை நண்பர் சொன்னவாறு வேறொன்று எழுதி, இளைஞர்கள் சிலரும் இஸ்ரேலில் மகன் இருக்கும் ஒரு தாயாரும் சேர்ந்து கையெழுத்திட்டு, நேற்று மாலை அருட்தந்தையிடம் கொடுத்தோம். அவர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, அடுத்த ஞாயிறே மண்டபத்தைத் திறப்பதாகச் சொன்னார். மண்டபத்தில் பேசுவதை மறையுரையில் பேசாமல் விடுவதற்கான ஈடாக யாரும் எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பேரவையினரின் கடிதமும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வத்தளைச் சகோதரி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வர முடியுமானால் தயவுசெய்து வாருங்கள். காலைத் திருப்பலி முடிந்து பத்து மணிக்கு ஆரம்பம். ஆலயத்தின் பெயரைத் தனி மடலில் அனுப்புகிறேன்.